துறையில் மறந்து வைத்த கிண்ணம்

"சிரமதானம். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொண்டக்டர் அண்ணன். மற்றவர் நான். நான் போனது தேத்தண்ணி கிடைக்கும் என்று."

என்னுடைய 2010 ஆம் ஆண்டுக் குறிப்புப் புத்தகத்தில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் கீழ் இப்படி எழுதியிருக்கிறது. தேத்தண்ணி கிடைத்ததா இல்லையா என்பதை எழுதவில்லை. நான் சாதாரணமாக அப்படி விடுகிறவன் அல்ல. அன்று காலையில் வேறு யோசனை இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் குருக்கள்மடத்துக்குத் தெற்கே, கல்முனை வீதியில் இருக்கிறது. வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்று மண்ணில் நாங்கள் இருக்கிறோம். வாவிக் கரையில் கண்ணா என்ற சதுப்பு மரங்கள் சூழ்ந்த ஒரு சிறிய துறை. ஆண்கள் அங்கே தோணி கட்டுவார்கள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அத்தாங்கு என்ற கைவலையால் இறால் வடிப்பார்கள். அந்த வருடம் இந்தத் துறைக்கு ஒரு ஆபத்து வந்தது. சுற்றுவட்டாரக் குப்பை முழுவதையும் கொட்டுவதற்குப் பிரதேச சபை அலுவலகத்தில் இடம் தேடினார்கள். எங்கள் துறையும் அவர்கள் யோசனையில் இருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம், "ஏற்கெனவே குப்பை கொட்டப்பட்டு வரும் இடம்" என்பது. காரணம் பொய்யாக இருந்திருந்தால் எதிர்ப்பது சுலபம். அது உண்மையாக இருந்ததுதான் சிக்கல். ஒரு அலுவலர் நேரில் வந்து பார்த்துத் தீர்மானிப்பார் என்று சொல்லப்பட்டது.

துறை போனால் அத்தாங்குப் பெண்களுக்குப் போக வேறு இடமில்லை. அவர்களில் ஒருவர் கொண்டக்டர் அண்ணனின் மனைவி. எனக்கு மதினி முறை. சண்டைக் காலத்தில் பஸ் ஓடாத மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது மதினியின் அத்தாங்கினால்தான்.

கொண்டக்டர் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்க பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் உடம்பு கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கே நின்றாலும் ஒரு கை தானாக மேலே போய் எதையாவது பிடித்துக்கொள்ளும். செத்த வீட்டில் பந்தல் கம்பு. கலியாண வீட்டில் வாழைமரம். கோயில் திருவிழாவில் சனம் வாசலில் நெருக்கினால், சாமி புறப்படும் நேரமென்றும் பாராமல், "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, நடுவில இடம் இரிக்கி" என்பார். சனமும் உள்ளே போகும்.

ஆனால் அவரை அவராக்கியது வேறொன்று. உலகத்தில் யாரும் எதையும் வேண்டுமென்று எறிவார்கள் என்பதை அவர் நம்பவில்லை.

"எறிஞ்ச சாமான் எண்டு ஒண்டு இல்ல தம்பி," என்பார். "மறந்து வச்சிட்டுப் போன சாமான்தான் இரிக்கி."

ஆகவே கரையில் கிடக்கும் யோகட் கோப்பை, சோத்துப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீட், அறுந்த செருப்பு எல்லாம் அவர் கணக்கில் தொலைந்த பொருட்கள். சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடித்து, வீடு தேடிப் போய், இரண்டு கையாலும் ஒப்படைப்பார். ஒருநாளும் யாரையும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். "மறந்திட்டீங்க போல" என்று சிரித்துக்கொண்டு நிற்கும் மனிதரை என்ன செய்வது?

என் மச்சான் ஒருவர் கச்சான் கடலை தின்றுவிட்டுச் சுருளைத் துறையில் போட்டார். மறுநாள் காலை அந்தக் கடதாசி தட்டி நேராக்கப்பட்டு அவர் வீட்டுப் படலைக்கு வந்தது.

"தம்பி, இதில கணக்கு ஏதோ எழுதியிரிக்கி. தேவைப்படும் எண்டு கொண்டு வந்தன்."

"அது கச்சான் சுத்தின கடதாசி அண்ணன். ஆரோ பள்ளிக்கூடப் பிள்ளையிட கொப்பி."

"அப்ப அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுமே! எந்தக் கடையில வாங்கினீங்க?"

மச்சான் அதன் பிறகு துறைப் பக்கம் கச்சான் தின்பதில்லை. தின்றால் சுருளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

இந்தப் பழக்கம் சுனாமியோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆண்டு விஷயத்தில் ஊர் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சுனாமிக்குப் பல வருடம் முன்பே, காத்தான்குடி தாண்டியதும் பஸ் இருக்கையில் ஒரு பார்சல் கேட்பாரற்று இருந்த கதை எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கேட்பாரற்ற பார்சல் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பஸ் முழுவதும் இறங்கி ஓடியது. சாரதி எல்லோருக்கும் முன்னால் ஓடினார். கொண்டக்டர் அண்ணன் மட்டும் உள்ளே இருந்து, முடிச்சை அவிழ்த்து, விலாசம் தேடினார். உள்ளே கருவாடு. திரும்பி வரும் ஓட்டத்தில் காத்தான்குடிச் சந்தையில் பஸ்ஸை நிறுத்தி, அந்த இருக்கையிலிருந்து இறங்கிய முஸ்லிம் வியாபாரியைக் கண்டுபிடித்து, "நானா, உங்கட கருவாடு!" என்று கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த நானா நன்றி சொல்லவில்லையாம். கட்டு ஏன் அவிழ்ந்திருக்கிறது என்று கேட்டாராம்.

ஆகவே பழக்கம் முன்பே இருந்தது. அதை முற்ற வைத்தது 2004 டிசம்பர் 26 என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அன்று கடல் சில இடங்களில் வீதியைக் கடந்து வாவிக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு பல நாட்கள் வாவி முழுக்கச் சாமான்கள். கதவுகள், அலுமாரி, தையல் மெஷின், பள்ளிக்கூடப் பைகள். அவற்றில் எதையும் யாரும் எறியவில்லை. அவர் ஒரு தோணியை எடுத்துக்கொண்டு அவற்றைப் பொறுக்கி, கழுவி, காயவைத்து, அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொருவராகக் கேட்டுக் கொடுத்தார்.

ஒரு கலியாண அல்பம் அகப்பட்டது. பாதிப் படங்கள் ஊறி வெளுத்துவிட்டன. மாப்பிள்ளையின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அந்த மனிதர் முகாம் வாசலில்தான் இருந்தார். மனைவி இல்லை. அல்பத்தை நீட்டியபோது அவர் பார்த்துவிட்டு, "இது என்ட இல்ல" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். கொண்டக்டர் அண்ணன் அல்பத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சரி தம்பி. ஆளக் கண்டா குடுக்கிறன்."

ஒரு வருடத்துக்கும் மேலாக அது அவர் வீட்டு அலுமாரியில் இருந்தது. பிறகு ஒரு பின்னேரம் அந்த மனிதர் வந்தார். "அண்ணன், அந்த அல்பத்துக்கு ஆளக் கண்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம். இப்பதான் கண்டன்," என்று எடுத்துக் கொடுத்தார்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பகுதிக்கு உதவியும் அலை போலத்தான் வந்தது. வெள்ளை வாகனங்கள், பதாகைகள், போத்தல் தண்ணீர். தண்ணீர் குடிக்கப்பட்டது. போத்தல்கள் துறையில் மிதந்தன. அவர் நான்கு உரபேக் நிறைய வெறும் போத்தல்களைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, மட்டக்களப்பில் இருந்த ஒரு உதவி நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். "உங்கட போத்தல்கள எங்கட துறையில மறந்திட்டீங்க" என்றார். அங்கிருந்தவர்களுக்கு இது எந்தப் பிரிவில் சேரும் என்று விளங்கவில்லை. கடைசியில் யாரோ படம் எடுத்து, நிறுவனத்தின் பெயர் அச்சடித்த ஒரு ரீசேட் கொடுத்து, வெயிலில் வந்தவர் என்று குடிக்க ஒரு போத்தல் தண்ணீரும் கொடுத்தார்கள். அவர் அங்கேயே குடித்து முடித்து, போத்தலை அவர்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

சண்டை முடிந்தது 2009 வைகாசியில். அதற்குப் பிறகு தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கின. சனம் துறையில் இறங்கி, வாவியைப் பார்த்து, சோறு தின்று, லஞ்ச் சீட்டை விட்டுவிட்டு ஏறும். ஒருநாள் அவர் அவ்வளவையும் பொறுக்கி அடுக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்கதவால் ஏறினார். கொழும்பு ஓட்டத்தில் பழகிய சிங்களத்தில், ஒவ்வொரு இருக்கையாக, "ஐயா, இது உங்களுடையது, அம்மா, இது உங்களுடையது" என்று பகிர்ந்தார். எல்லோரும் எழுந்து நின்று வாங்கினார்களாம். ஒரு வயதான அம்மா அவரைக் கும்பிட்டு, தொதல் என்ற இனிப்பில் ஒரு துண்டு கொடுத்தாராம். வேலை முடிந்த திருப்தியில் அவர் பழக்க தோஷமாகக் கம்பியில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்!" என்றார். சாரதியும் பழக்க தோஷமாகப் பஸ்ஸை எடுத்துவிட்டார். களுவாஞ்சிகுடி தாண்டித்தான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

இனி 2010 க்கு வருகிறேன்.

எங்கள் சந்தியில் ஒரு கடை. கடைக்கார அக்கா துணிந்து ஒரு ஐஸ்கிறீம் பெட்டி வாங்கிவைத்தார். அது ஓயாமல் பழுதானது. திருத்துகிறவர் வந்து போனதும் மறுபடி நிற்கும். கண்ணூறு என்று முடிவாகி, மந்திரிக்கும் பரிசாரியாரைக் கூப்பிட்டுக் கழிப்புக் கழித்தார்கள். வெளியூர் வாசகருக்காக: வீட்டைப் பிடித்த பொல்லாப்பை மாப்பாவையிலும் நீற்றுப்பூசணித் துண்டிலும் தேசிக்காயிலும் இறக்கி, அதைக் கொண்டுபோய் நீர்க்கரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவதுதான் கழிப்பு. வைத்ததை யாரும் தொட மாட்டார்கள். முறைப்படி அது புதுச் சட்டியில் போக வேண்டும். அன்று சட்டி கிடைக்கவில்லை. "பழசு ஏதும் இருந்தாக் கொண்டாங்க" என்று பரிசாரியார் சொல்ல, அக்கா தன் கலியாணத்துக்கு வந்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தார். அதன் விளிம்பில் அவர் பெயரும் கலியாண ஆண்டும் வெட்டியிருந்ததை அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, பாண் வாங்கச் சனம் கூடியிருந்த நேரம், கொண்டக்டர் அண்ணன் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"தங்கச்சி, உங்கட கிண்ணத்தத் துறையில மறந்து வச்சிட்டு வந்திட்டீங்க. உள்ளுக்குக் கிடந்ததெல்லாம் அப்பிடியே இரிக்கி. அந்தப் பாவையிட காது ஒண்ட மட்டும் எறும்பு திண்டிட்டு."

கடை வெறுமையானது. பாணுக்கு வந்தவர்கள் பாண் இல்லாமலே போனார்கள். அக்காவின் குரல் துறை வரை கேட்டது.

"ஐயோ அண்ண! கழிச்சு விட்டத ஆரும் திருப்பிக் கொண்டு வாறதா? உங்களுக்குப் புத்தி கித்தி இல்லையா?"

"பேர் வெட்டியிரிக்கி தங்கச்சி. பேர் வெட்டின சாமான ஆரும் எறிவாங்களா?"

அன்று மத்தியானம் ஐஸ்கிறீம் பெட்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. அந்த நாட்களில் எங்கள் பகுதி மின்சாரம் எப்படி ஏறி இறங்கியது என்பதற்கு என்னிடம் குறிப்பு இருக்கிறது. யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இது நடந்தது அலுவலர் வருவதற்கு முந்திய வாரம். துறையைத் துப்புரவாக்கக் கொண்டக்டர் அண்ணன் வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்த சிரமதானம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். கடைக்கார அக்கா, "அந்தாளோட ஆரும் போனா என்ட கடைப் படி மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஊரில் கடன் சொல்லி வாங்கக்கூடிய கடை அது ஒன்றுதான். ஆகவே இரண்டு பேர்.

துறை கிடந்த கிடப்பைப் பார்த்து எனக்கு மனம் விட்டுப்போனது. இரண்டு பேர் ஒரு மாதம் பொறுக்கினாலும் முடியாது. மதினி சற்றுத் தள்ளித் தண்ணீரில் அத்தாங்கோடு நின்றார். "அள்ளி முடியாது, விடுங்க," என்றார். "நாளையிண்டைக்கு அவர் வந்து பார்த்தா இது குப்பைமேடுதான். நாங்க எங்க போறது எண்டு யோசிப்பம்."

கொண்டக்டர் அண்ணனின் கை ஒரு கண்ணாக் கிளையைப் பிடித்துக்கொண்டது. பிறகு மதினியோடு நின்ற மற்றப் பெண்களுக்கும் கேட்கும்படி, பஸ்ஸில் இடம் சொல்லிக் கூவும் குரலில் சொன்னார்.

"ஆக்கள் வராட்டிக் காரியமில்ல! நாளைக்குக் காலத்தால இஞ்ச கிடக்கிற சாமானெல்லாம் எடுத்து, நானே வீடு வீடாக் கொண்டு வாறன். எது ஆரிட எண்டு எனக்குத் தெரியும். பழைய கிண்ணம், சட்டி, கண்ணாவுக்குள்ள கிடக்கிறது ஒண்டும் விட மாட்டன்!"

அத்தாங்குகள் அசையாமல் நின்றன. அந்தக் கண்ணாவுக்குள் எத்தனை வருடக் கழிப்பு கிடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் யாருக்குப் பயந்து, எந்த அயல் வீட்டுக் கண்ணூறுக்காகக் கழித்தது என்பதுதான் தெரியாது. நாளைக் காலை அதுவும் தெரிந்துவிடும். பெண்கள் இறாலை அப்படியே விட்டுக் கரையேறினார்கள்.

அன்று மைமல் பொழுதில், முகம் தெரிகிற வெளிச்சம் இன்னும் இருக்கும்போது, நான் கரையில் ஏற்றிவைத்த ஒரு தோணிக்குள் இருந்தேன். ஒளிந்திருந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை. முதலில் ஒருவர் வந்தார். பிறகு எதிர்ப்பக்கத்தால் இன்னொருவர்.

"எங்க மச்சான், இந்த நேரத்தில?"

"சும்மா, காத்து வாங்க."

"உரபேக்கோடயா?"

"காத்துக் கூடவாம் எண்டு சொன்னாங்க. நீ?"

"நானும் அதுக்குத்தான்."

இப்படியே ஊர் முழுவதும் காற்று வாங்க வந்தது. ஒவ்வொருவரும் கண்ணாவுக்குள் குனிந்து, தங்கள் பழைய சட்டியையோ கிண்ணத்தையோ தடியால் தட்டிப் பைக்குள் உருட்டிவிடுவார்கள். ஆனால் பையில் சட்டி மட்டும் இருந்தால் அடுத்தவர் கேட்பார். ஆகவே அதை மறைக்க மேலே போத்தல், லஞ்ச் சீட், சொப்பிங் பேக், செருப்பு என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளித் திணித்தார்கள். பெரிய இரகசியம் உள்ளவர்கள் பெரிய பை கொண்டுவந்தார்கள். கடைக்கார அக்காவும் வந்தார். கிண்ணம்தான் வீட்டுக்கு வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று நான் நினைத்தேன். அவர் இரண்டு பை நிரப்பினார்.

எடுத்த சட்டிகளை என்ன செய்வது என்று பரிசாரியார் வீட்டு வாசலில் வரிசை. மஞ்சள் தண்ணீர் தெளித்து ஆழப் புதைக்கலாம் என்று அவர் விதி சொன்னார். மேலே திணித்த குப்பை வீதியோரம் வந்து, குப்பை அள்ளும் டிராக்டர் மெஷினில் போனது.

ஒரு விஷயத்தை இங்கே பதிய வேண்டும். தினமும் மைமலில் துறைக்கு வந்து நிற்கும் கொண்டக்டர் அண்ணன், அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அலுவலர் வந்தார். துறையில் நின்று சுற்றிப் பார்த்தார். தண்ணீரில் பெண்கள் இறால் வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதா அந்த இடம்? வேற துறை ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"இது ஒண்டுதான் ஐயா," என்றார் கொண்டக்டர் அண்ணன். "நல்லாப் பாருங்க. நடுவுக்கும் போய்ப் பாருங்க."

அலுவலர் ஒரு சிகரெட் பற்றவைத்தார். முடிந்ததும் கட்டையைப் போடக் கையை ஓங்கினார். தரையைப் பார்த்தார். போடுவதற்கு அங்கே முன்னுதாரணம் எதுவும் இல்லை. அணைத்து, பெட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். கொண்டக்டர் அண்ணன் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்ததாக எனக்குப் பட்டது.

சில மாதங்களில் குப்பைக்கு வேறிடம் பார்த்தாகிவிட்டது என்று அறிந்தோம். மதினி இன்றும் அதே துறையில்தான் அத்தாங்கு பிடிக்கிறார்.

கொண்டக்டர் அண்ணன் இறப்பதற்கு முன் ஒருமுறை நேராகவே கேட்டேன். "அண்ணன், அந்தக் கிண்ணம் கழிப்பு எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் அதக் கொண்டு போய்க் குடுக்காம விட்டிருந்தா, அது இப்ப எதுக்குக் கீழ கிடந்திரிக்கும் தம்பி?" என்றார். இது பதிலா என்பதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. மதினியிடம் கேட்டால், கிண்ணம் கொடுத்த அன்று கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார் என்கிறார். ஆனால் குப்பை தொட்ட எல்லா நாளும் அவர் அப்படித்தான் செய்தார் என்றும் சொல்கிறார்.

அவருடைய செத்த வீட்டில், தூரத்து உறவினர் ஒருவர் புதிதாக ஒன்று சொன்னார். கதிரவெளியில் கொண்டக்டர் அண்ணனுக்கு ஒரு பெரியப்பா இருந்தாராம். கழிப்புக் கழிப்பதுதான் அவர் தொழிலாம். சின்ன வயதில் லீவுக்குப் போனால், சட்டியை நீர்க்கரைக்குக் கொண்டுபோவது இவர்தானாம். அது உண்மையானால் இந்தக் கதையை முழுக்க வேறுவிதமாக எழுத வேண்டிவரும். நான் கதிரவெளிக்குப் போனேன். அந்த வீடு நின்ற வளவைக் கடல் 2004 இல் எடுத்துவிட்டது. மிஞ்சிய குடும்பம் 2006 இடப்பெயர்வில் எங்கே போனது, யார் திரும்பினார்கள் என்று தெரிந்தவர் இல்லை. ஒரு முதியவர், "ஓம், அப்பிடி ஒரு ஆள் இருந்தவர்" என்றார். இன்னொருவர், "இருந்தவர், ஆனா அவர் தச்சு வேல செய்தவர்" என்றார். மூன்றாவது ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, கொண்டக்டர் அண்ணன் அந்தக் கிண்ணத்தைத் தெரிந்துதான் தூக்கிவந்தாரா என்பது, இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.